கறுப்புத் திரைக்குப் பின்னால்: லினக்ஸ் கிராபிக்ஸ் டிரைவரின் கதை

லினக்ஸ் போட்டுப் பார்த்த யாரைக் கேட்டாலும் ஒரு கறுப்புத் திரைக் கதை வைத்திருப்பார்கள். இன்ஸ்டால் ஒழுங்காக முடிந்திருக்கும். ரீபூட் பண்ணினால் கம்பெனி லோகோ வரும், நாலு வரி எழுத்து ஓடும், அப்புறம் ஒன்றும் இருக்காது. மெஷின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். ஃபேன் சத்தம் கேட்கும், கேப்ஸ் லாக்கைத் தட்டினால் விளக்கு எரியும். திரை மட்டும் கறுப்பு. இன்னும் சிலருக்குத் திரை வரும், ஆனால் எல்லாமே 800-க்கு 600-ல் பூதாகரமாகத் தெரியும்.

காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் சர்வீஸ் கடைகளில் விசாரித்தால் பதில் தயாராக இருக்கும்: "லினக்ஸ்ல டிஸ்ப்ளே பிரச்சனை வரும் சார், விண்டோஸே போட்டுக்கங்க." அனுபவத்தில் சொல்கிறார்கள், முழுக்கத் தப்பு என்று தள்ள முடியாது. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. ஹார்ட் டிஸ்க், கீபோர்டு, நெட்வொர்க் எல்லாம் சொன்னபடி கேட்கும்போது கிராபிக்ஸ் மட்டும் ஏன் இத்தனை வருஷம் முரண்டு பிடித்தது?

பதிலைத் தேடிப் போனால் பாதி தொழில்நுட்பம், மீதி காகிதம். அந்தச் சிப் எப்படி வேலை செய்கிறது என்று எழுதிய காகிதம் யார் கையில் இருந்தது, அதை அவர்கள் வெளியே கொடுத்தார்களா இல்லையா என்பதுதான் கதை. இன்றைக்கு டெர்மினலில் நாம் தட்டுகிற ஒவ்வொரு வைத்தியமும் ஏதோ ஒரு வருஷத்தில் யாரோ எடுத்த ஒரு முடிவின் மிச்சம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மானிட்டரை எரித்துவிடும் ஃபைல்

லினக்ஸில் ஜன்னல், ஐகான் எல்லாம் வரைந்து கொடுத்த 'எக்ஸ்' 1984-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 1987-ல் வந்த 11-ஆம் பதிப்புதான் பிற்பாடு முப்பது வருஷத்துக்கு மேல் தாங்கியது. அது பிறந்தது விலை உயர்ந்த யூனிக்ஸ் மெஷின்களுக்காக. அங்கே கணினியும் திரையும் ஒரே கம்பெனி சரக்கு. எந்தத் திரை வரும் என்று முன்கூட்டியே தெரியும்.

நம்ம வீட்டு பி.சி. அப்படியா? ஒரு கம்பெனி கார்டு, இன்னொரு கம்பெனி மானிட்டர். 1992-ல் தொடங்கிய எக்ஸ்ஃப்ரீ86 திட்டம் இந்தக் கதம்பத்தோடுதான் மல்லுக்கட்டியது. தொண்ணூறுகளின் பிற்பாதியில் கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சி.டி.யில் லினக்ஸ் பார்த்தவர்களுக்கு அந்த அமைப்பு ஃபைல் ஞாபகம் இருக்கும். மானிட்டரின் கிடைமட்ட அலைவரிசை எத்தனை, செங்குத்து எத்தனை என்று நாமே எழுத வேண்டும்.

ஏன் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1024-க்கு 768 திரை, நொடிக்கு 60 தடவை. பழைய டியூப் மானிட்டரில் எலெக்ட்ரான் கற்றை ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப நேரம் வேண்டும். அந்தக் காலி இடத்தையும் சேர்த்தால் ஒரு வரிக்கு 1344 புள்ளி, ஒரு திரைக்கு 806 வரி. இரண்டையும் பெருக்கி 60-ஆல் பெருக்கினால் நொடிக்குக் கிட்டத்தட்ட 6.5 கோடி புள்ளி, அதாவது 65 மெகாஹெர்ட்ஸ். இதை 1344-ஆல் வகுத்தால் 48.4 கிலோஹெர்ட்ஸ். உங்கள் மானிட்டர் இந்த வேகம் தாங்காது என்றால் படம் உருளும், கீச்சென்று சத்தம் வரும். தாங்கும் அளவுக்கு மேல் எழுதினால் மானிட்டர் கெட்டுப்போகலாம் என்று ஆவணமே எச்சரித்தது. மென்பொருளில் ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டு வன்பொருளைக் காலி பண்ண முடிந்த காலம்.

1994-ல் வீடியோ தரநிலைகளுக்கான வீசா அமைப்பு ஒரு வழி சொன்னது. மானிட்டருக்குள்ளேயே 128 பைட்டில் அதன் ஜாதகத்தை எழுதி வைத்துவிடுவது. கேபிள் வழியாகக் கணினி கேட்டால் அது சொல்லும். இதற்கு ஈ.டி.ஐ.டி. என்று பெயர். அலைவரிசைத் தலைவலி மெல்ல மெல்லத் தீர்ந்தது.

ஆனால் மிச்சம் இன்றும் இருக்கிறது. பழைய வி.ஜி.ஏ. கேபிளில் 12, 15-ஆம் ஊசிகள்தான் இந்த ஜாதகத்தைக் கொண்டு வருகிறவை. அதில் ஒன்று ஒடிந்திருந்தாலோ, நடுவில் மலிவான ஸ்ப்ளிட்டர் இருந்தாலோ, ஜாதகம் வந்து சேராது. லினக்ஸ் பயந்துகொண்டு சின்ன அளவில் திரையைக் காட்டும். பள்ளிக்கூட ப்ரொஜெக்டர்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். டிரைவரைத் திட்டுவதற்கு முன்னால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

வீட்டுக்கு யார் பொறுப்பு?

அடுத்த சிக்கல் நிர்வாகம். லினக்ஸில் டிஸ்க், நெட்வொர்க் எல்லாவற்றையும் ஆள்வது கர்னல். கிராபிக்ஸ் கார்டை மட்டும் எக்ஸ் சர்வர் நேரடியாகக் கையாண்டது, அதுவும் ரூட் அதிகாரத்தோடு. எக்ஸ் பாதியில் செத்தால் கார்டு எந்த நிலையில் இருக்கிறது என்று கர்னலுக்குத் தெரியாது. அதனால்தான் மடிக்கணினியை மூடித் திறந்தால் திரை திரும்பாமல் போவது அந்தக் காலத்தில் சகஜம்.

2009 மார்ச்சில் வந்த கர்னல் 2.6.29 இதை மாற்றியது. திரையின் அளவையும் வேகத்தையும் அமைக்கும் வேலையைக் கர்னலே எடுத்துக்கொண்டது, முதலில் இன்டெல் சிப்களுக்கு, பிறகு மற்றவற்றுக்கு. பூட் ஆகும்போது திரை பளிச் பளிச்சென்று மினுக்குவது குறைந்ததும் இதனால்தான்.

எல்லோரும் பரிந்துரைக்கிற 'நோமோட்செட்' வைத்தியம் இங்கிருந்துதான் வருகிறது. "கர்னலே, திரையை நீ அமைக்காதே" என்று பூட் வரியில் சொல்வது. புதிய ஏற்பாடு சில சிப்களில் தடுமாறியபோது பழைய வழிக்குத் திரும்ப வைத்த கதவு. அதைப் போட்டதும் திரை வந்துவிடும், சந்தோஷம். ஆனால் அந்த நிலையில் கிராபிக்ஸ் சிப்பின் நிஜ டிரைவர் ஓடவே ஓடாது. வீடியோ திக்கும், சி.பி.யூ சூடேறும். கரண்ட் போன வீட்டில் ஃப்யூஸைத் தேட டார்ச் அடிப்பது மாதிரி இது. டார்ச் வெளிச்சத்திலேயே குடும்பம் நடத்தக்கூடாது. நிறையப் பேர் வருஷக்கணக்கில் அப்படித்தான் நடத்துகிறார்கள்.

பூட்டிய வீடும் சாவியும்

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். ஏன் கிராபிக்ஸ் மட்டும்?

டிஸ்க்குக்கும் யு.எஸ்.பி. கீபோர்டுக்கும் உலகப் பொதுவான விதிமுறை உண்டு. ஒரு டிரைவர் எழுதினால் நூறு கம்பெனி சரக்கு வேலை செய்யும். கிராபிக்ஸ் சிப்புக்கு அந்த மாதிரிப் பொது மொழி கிடையாது. எந்த முகவரியில் எந்த எண்ணை எழுதினால் என்ன நடக்கும் என்ற பட்டியல் ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும், ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறும். அந்தப் பட்டியலைக் கம்பெனிகள் தொழில் ரகசியமாக வைத்துக்கொண்டன. எல்லா சிப்பும் புரிந்துகொள்ளும் ஒரே பழைய பொது மொழி வீசா பயாஸ். அதில் முப்பரிமாணம் கிடையாது, வேகம் கிடையாது. சரியான டிரைவர் இல்லாத மெஷின் பூதாகர எழுத்தோடு நிற்பது இதனால்தான்.

மூன்று கம்பெனிகள் மூன்று வழியில் போனார்கள்.

இன்டெல் திறந்த மூல டிரைவருக்குத் தானே ஆள் வைத்தது. எக்ஸ் உலகத்தின் முக்கியப் புள்ளியான கீத் பேக்கர்ட் 2006-ல் அங்கே சேர்ந்தார். 2008-ல் தன் 965 சிப்பின் விவரக் கையேடுகளையே பொதுவில் வைத்தது. ஏ.டி.ஐ.யை 2006-ல் வாங்கிய ஏ.எம்.டி., 2007 செப்டம்பரில் ரேடியான் சிப் ஆவணங்களை வெளியிடப்போவதாக அறிவித்து, வெளியிடவும் ஆரம்பித்தது. 2015-ல் வந்த கர்னல் 4.2-ல் அதன் புதிய திறந்த டிரைவர் உள்ளே போய்ச் சேர்ந்தது.

என்விடியா வேறு வழி. தானே ஒரு மூடிய டிரைவர் செய்து கொடுத்தது. வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது கர்னலுக்கு வெளியே இருக்கும் சரக்கு. கர்னல் அப்டேட் ஆகும்போதெல்லாம் அதன் இணைப்புப் பகுதியை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். இந்த வேலையைத் தானாகச் செய்ய டெல் நிறுவனத்தில் உருவானதுதான் டி.கே.எம்.எஸ். "நேத்து நல்லா இருந்துச்சு, அப்டேட் போட்டேன், கறுப்பாயிடுச்சு" என்ற புகாரில் பாதி இங்கேதான் முடியும்: கர்னல் புதுசு, டிரைவர் பழசு, நடுவில் கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் பேக்கேஜ் இல்லை.

ஆவணம் கிடைக்காத தன்னார்வலர்கள் சும்மா இருக்கவில்லை. மூடிய டிரைவர் சிப்போடு பேசுவதை ஒட்டுக்கேட்டு, ஒரு கட்டளை கொடுத்தால் எந்த எண் மாறுகிறது என்று ஒப்பிட்டு, பட்டியலைத் தாங்களே எழுதினார்கள். அப்படி உருவான நூவோ டிரைவர் 2010-ல் கர்னலுக்குள் நுழைந்தது. 2014-க்குப் பிந்தைய கார்டுகளில் கம்பெனி கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் வேகத்தைக் கூட்ட முடியாது என்றானபோது அந்த முயற்சிக்கும் முட்டுக்கட்டை விழுந்தது. 2012-ல் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழக மேடையில் லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து என்விடியாவுக்கு நடுவிரல் காட்டியதன் பின்னணி இந்த ஆவணப் பஞ்சம். 2022 மே மாதம் என்விடியா தன் கர்னல் பகுதியைத் திறந்தது. ஆனால் 2018-ல் வந்த டூரிங் தலைமுறைக்கு முந்தைய கார்டுகளுக்கு அது பொருந்தாது.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேறு உதாரணம் தேவையில்லை. கானாடுகாத்தானிலும் கோட்டையூரிலும் பூட்டிக் கிடக்கிற வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பங்காளிகள் ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். படைப்புக்கோ கல்யாணத்துக்கோதான் கதவு திறக்கும். நடுவில் மழைக்கு ஒரு ஓடு நகர்ந்து ரெண்டாம் கட்டில் ஒழுகினால், பக்கத்து வீட்டில் கொத்தனாரே குடியிருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. சாவி அவர் கையில் இல்லை. என்விடியாவின் 340 வரிசை டிரைவருக்கு ஆதரவு 2019 இறுதியோடு முடிந்தது, 390 வரிசைக்கு 2022 இறுதியோடு. கார்டு நன்றாக இருக்கிறது. புதிய கர்னலுக்கு ஏற்ப அந்த மூடிய டிரைவரைத் திருத்தத்தான் ஆள் கிடையாது.

நம்ம ஊர் மதர்போர்டுகள்

2000-களில் நம் பக்கம் அசெம்பிள் செய்த மெஷின்கள் பலவற்றில் விலை குறைந்த எஸ்.ஐ.எஸ்., வி.ஐ.ஏ. சிப்கள் இருந்தன. எஸ்.ஐ.எஸ். சிப்களுக்கான லினக்ஸ் டிரைவரை வெகுகாலம் கட்டிக் காத்தவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த தாமஸ் வினிஷோஃபர் என்கிற தன்னார்வலர். அவர் ஒதுங்கிய பிறகு வந்த எஸ்.ஐ.எஸ். 671-க்கு ஒழுங்கான டிரைவர் அமையவே இல்லை. அந்தச் சிப் உள்ள மெஷினில் லினக்ஸ் போட்டவர்கள் வீசா திரையோடு காலம் தள்ளினார்கள். ஒரு தனி மனிதர் ஓய்வெடுத்தால் ஒரு சிப்பே அனாதையாகும் நிலை.

கம்பெனி பெயரை வைத்தும் நம்பிவிட முடியாது. 2008-ல் சின்ன நெட்புக்குகளுக்காக இன்டெல் விற்ற ஜி.எம்.ஏ. 500 உள்ளே இன்டெல் சரக்கே கிடையாது, இமாஜினேஷன் நிறுவனத்தின் பவர்வி.ஆர். சிப். அதற்கு ஆவணம் இல்லை. 2011-ல் ஆலன் காக்ஸ் எழுதிய திறந்த டிரைவர் திரையைக் கொண்டு வந்தது, முப்பரிமாண வேகத்தைக் கொண்டு வரவில்லை. "இன்டெல்னா லினக்ஸ்ல ஓடும்" என்று நம்பி நெட்புக் வாங்கியவர்கள் ஏமாந்தார்கள்.

2011: இரண்டு நிகழ்வுகள்

தமிழ்நாட்டில் அரசு மட்டத்தில் லினக்ஸ் பேச்சு 2007 வாக்கிலேயே சூடு பிடித்துவிட்டது. எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அங்கே சூசே லினக்ஸைக் கொண்டு வந்தார். அதே 2007-ல் சென்னை சி-டாக், டெபியனை அடிப்படையாக வைத்து 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, அந்த மெஷின்களில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அடுத்த சில வருஷங்களில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போயின. கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு வீட்டுக்கு வந்த முதல் கணினி அதுதான்.

அதே 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தது, உபுண்டுவில் யூனிட்டி வந்தது. இரண்டும் டெஸ்க்டாப்பை வரையவே கிராபிக்ஸ் சிப்பின் முப்பரிமாண பலத்தைக் கேட்டன. அதுவரை சுமாரான டிரைவர் இருந்தாலும் மெனுவும் ஜன்னலும் ஓடிவிடும். அதற்குப் பிறகு டிரைவர் சரியில்லை என்றால் டெஸ்க்டாப்பே சரியில்லை. ஓர் இயங்குதளத்தை லட்சக்கணக்கான பிள்ளைகள் முதன்முதலாகத் தொட்ட காலமும், அந்த உலகம் தன் டிரைவர்களிடம் அதிகமாகக் கேட்க ஆரம்பித்த காலமும் ஒன்றாக அமைந்துவிட்டது. எனக்குத் தெரிந்த மாணவர்கள் பெரும்பாலும் விண்டோஸ் பக்கமே தங்கினார்கள். கிராபிக்ஸ் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, கடைக்காரர்களுக்குப் பழக்கமில்லை.

கதை அங்கே முடியவில்லை. 2020 ஜனவரியோடு விண்டோஸ் 7-க்கு ஆதரவு நின்றது. அந்தப் பழைய மடிக்கணினிகள் சில என் கைக்கு வந்தன. அவற்றில் இருந்தது பிராசஸருக்குள்ளேயே அமைந்த இன்டெல் கிராபிக்ஸ். இப்போதைய டெபியனைப் பென் டிரைவில் செருகினால், எந்த டிரைவரும் தேடாமல் முழு அளவில் திரை வருகிறது.

இது தற்செயல் இல்லை. முப்பரிமாணப் படங்களை வரையும் மெசா நூலகம், பிரையன் பால் 1993-ல் தொடங்கியது. அதன் பழைய பாணி டிரைவர்களை 2022-ல் மெசா கழற்றிவிட்டது. அந்தக் கணக்கில் பழைய இன்டெல் சிப்களும் கைவிடப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அதற்கு ஒரு வருஷம் முன்பே, டேவ் ஏர்லி என்ற நிரலாளர் அந்தப் பழைய சிப்களுக்காகவே 'குரோக்கஸ்' என்ற புதிய டிரைவரை எழுதி வைத்துவிட்டார். ஆவணமும் பழைய நிரலும் எல்லோர் கையிலும் இருந்ததால் பத்து வருஷம் கழித்தும் ஒருவரால் அதைச் செய்ய முடிந்தது.

இன்று கறுப்புத் திரை வந்தால்

இந்த வரலாற்றை வைத்தே பழுதைத் தேடலாம். வரிசை முக்கியம்.

முதலில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரை வந்தால் கர்னல் தன் வேலையைச் செய்துவிட்டது, கோளாறு மேலே டெஸ்க்டாப்பில். அதுவும் வராவிட்டால் நோமோட்செட் டார்ச்சை அடித்து உள்ளே போங்கள்.

அடுத்து, கருவிகளைப் பட்டியலிடும் எல்.எஸ்.பி.சி.ஐ. கட்டளையை '-கே' சேர்த்து ஓட்டுங்கள். கிராபிக்ஸ் சிப்பை எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று ஒரு வரி சொல்லும். அந்த வரியே இல்லை என்றால் சிப் அனாதையாக நிற்கிறது. ஆனால் ஒன்று, நோமோட்செட் போட்ட நிலையில் பார்த்தால் எல்லாச் சிப்பும் அப்படித்தான் தெரியும்.

பிறகு முந்தைய பூட்டின் லாக். ரேடியான் சிப்பில் ஃபர்ம்வேர் காணவில்லை என்று இருக்கலாம். சுதந்திரமற்ற ஃபர்ம்வேரை டெபியன் நெடுங்காலம் தனியே ஒதுக்கி வைத்திருந்தது. 2022-ல் வாக்கெடுப்பு நடத்தி, 2023-ல் வந்த டெபியன் 12 முதல்தான் இன்ஸ்டாலரிலேயே சேர்த்தது. என்விடியாவில் மாட்யூலின் கையெழுத்து ஏற்கப்படவில்லை என்று இருந்தால் செக்யூர் பூட் தடுக்கிறது என்று அர்த்தம்.

திரை வந்தும் மெஷின் ஆமையாக நகர்ந்தால், சிஸ்டம் விவரத்தில் கிராபிக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் 'எல்.எல்.வி.எம்.பைப்' என்று இருக்கிறதா பாருங்கள். சிப் சும்மா இருக்கிறது, சி.பி.யூ.தான் மொத்தப் படத்தையும் வரைகிறது என்று பொருள்.

கடைசியாக, இணையத்தில் கிடைக்கும் ஸ்கிரிப்டை ரூட்டாக ஓட்டும் முன் ஒரு தடவை படித்துப் பாருங்கள். இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள மடிக்கணினிகளுக்காக 2011-ல் உருவான பம்பிள்பீ திட்டத்தின் இன்ஸ்டால் ஸ்கிரிப்டில், அழிக்கச் சொன்ன முகவரிக்கு நடுவே ஒரு காலியிடம் தவறி விழுந்தது. ஓட்டியவர்களின் யு.எஸ்.ஆர். ஃபோல்டர் மொத்தமும் போனது.

டெண்டரில் ஒரு வரி

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கும் பொதுவான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 பழைய பிராசஸர்களை ஏற்பதில்லை. நல்ல நிலையில் இருக்கும் ஏராளமான மெஷின்கள் பள்ளியிலும் அலுவலகத்திலும் பழைய இரும்புக் கணக்கில் போகப் போகின்றன. எடைக்குப் போடும் முன் ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். இன்டெல், ஏ.எம்.டி. கிராபிக்ஸ் என்றால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

அதே 2025-ன் மார்ச் பட்ஜெட்டில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தரப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. இவ்வளவு வாங்குகிறவர் கேட்டால் கம்பெனிகள் காது கொடுப்பார்கள். மொத்தக் கொள்முதலில் ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு, பேட்டரி எத்தனை மணி நேரம் என்றெல்லாம் கேட்கிறோம். "இதிலுள்ள கிராபிக்ஸ் சிப்புக்கான திறந்த டிரைவர் லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே இருக்க வேண்டும்" என்ற ஒரு வரியையும் சேர்க்கலாம். அரசு மட்டும் இல்லை, பத்து மெஷின் வாங்குகிற பள்ளியும் கேட்கலாம். வாங்குகிற அன்றைக்கு இதற்குச் செலவு எதுவும் இல்லை. பத்து வருஷம் கழித்து அந்த மெஷினை இன்னொரு பிள்ளை திறக்கும்போதுதான் அதன் பலன் தெரியும்.